எக்ஸெல்லில் ஒரு வீடு: கரண்ட் பில் ஏன் ஏறியது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்ஸெல் பழகுங்கள்" என்று சொன்னால், "அது எதற்கு எங்களுக்கு? நாங்கள் என்ன கடையா வைத்திருக்கிறோம்?" என்று கேட்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். அவர் ஓய்வு பெற்றபோது ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் பழைய பாட்டுக் கேட்பதும் சீட்டு விளையாடுவதும்தான் நடந்துகொண்டிருந்தது. 2023 மே மாதம் வந்த ஒரு கரண்ட் பில்தான் அவரை எக்ஸெல் பக்கம் இழுத்து வந்தது.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் என்ஜினியர். அப்பா, அம்மா, எண்பத்து மூன்று வயதுப் பாட்டி மூவரும் திருச்சியில் இருக்கிறார்கள். தரைத்தளம் மட்டும் உள்ள கான்கிரீட் வீடு. மேலே வெறும் மொட்டை மாடி. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். முந்தைய கோடையில் பாட்டி தூக்கமில்லாமல் மிகவும் அவதிப்பட்டார். எனவே 2023 பிப்ரவரி கடைசியில் பாட்டியும் அம்மாவும் படுக்கும் அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கி மாட்டினேன்.

ஜனவரி, பிப்ரவரி பில் 410 யூனிட், 1185 ரூபாய். மார்ச், ஏப்ரல் பில் 706 யூனிட், 3704 ரூபாய்! அப்பா போன் செய்தார். "ஏசியை நிறுத்திட்டேன்பா. பென்ஷன்ல இது தாங்காது. வேணும்னா வித்துடு." பணம் நான் தருகிறேன் என்றால் அவருக்குக் கோபம் வரும். பின்னால் அம்மா, "நேத்து ராத்திரி பூரா பாட்டி விசிறிக்கிட்டே உக்காந்திருந்தாங்க" என்று சொல்வது கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறினேன்.

ஏசிதான் குற்றவாளியா என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குச் செய்த கணக்கைத்தான் இந்த மாதப் பாடமாகத் தருகிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான்.

மாடல் என்றால் என்ன?

வீட்டைப் பொம்மையாகச் செய்தாலும் மாடல்தான், எண்களாக எழுதி வைத்தாலும் மாடல்தான். நாம் செய்யப்போவது இரண்டாவது வகை. வீட்டில் என்னென்ன சாதனங்கள், ஒவ்வொன்றும் எத்தனை வாட், தினம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எழுதினால் மின்செலவு வந்துவிடும். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது பள்ளிக்கூடப் பாடம்.

இதில் வாட் சுலபம். சாதனத்தின் மேலேயே எழுதியிருக்கும். நேரம்தான் சிக்கல், ஏனென்றால் அது மனிதர்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்று ஒரு குடியிருப்பு. 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சோகலோ தலைமையில் ஒரு குழு அங்குள்ள வீடுகளைப் பல வருடம் அளந்தது. ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட அடுத்தடுத்த வீடுகள், ஒரே தட்பவெப்பம். ஆனாலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஒரு வீடு செலவழித்ததைப் போல இன்னொரு வீடு இரண்டு மடங்கு செலவழித்தது. குடியிருந்தவர்கள் காலி செய்து வேறு குடும்பம் வந்ததும் அந்த வீட்டின் செலவும் மாறியது. சுவரும் கூரையும் அதேதான். மாறியவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

பெரிய கட்டடங்களுக்கு இதைக் கணக்கிட எனர்ஜிபிளஸ் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்டது. வருடத்தின் 8760 மணி நேரத்துக்கும் வெயில், சுவர், கூரை, ஜன்னல், ஏசி எல்லாவற்றையும் சேர்த்து வெப்பக் கணக்குப் போடும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது என்பதைக்கூட விடாது. ஆனால் அதிலும் எந்த அறையில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் என்ற அட்டவணையை நாம்தான் கொடுக்க வேண்டும். அங்கே தப்பாக எழுதினால் விடையும் தப்பு. புதியவர்கள் அதை இப்போது தொட வேண்டாம். நமக்கு எக்ஸெல் போதும்.

முதல் ஷீட்: ஆட்கள்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஷீட் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்து 'ஆட்கள்' என்று மாற்றுங்கள். ஏ1 செல்லில் 'மணி', பி1இல் 'ஹால்', சி1இல் 'படுக்கையறை' என்று தலைப்புக் கொடுங்கள். ஏ2இல் 0, ஏ3இல் 1 என்று டைப் செய்து இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுசால் பிடித்து ஏ25 வரை இழுத்தால் 23 வரை தானாகவே நிரம்பிவிடும். 0 என்பது நள்ளிரவு பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மணிக்கும் எதிரே, அந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணை மட்டும் போடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா இரவில் ஹால் கட்டிலில் படுப்பார். அதனால் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஹாலில் 1, படுக்கையறையில் 2. மதியம் மூன்று மணி நேரம் பாட்டி படுக்கையறையில். இப்படியே நிரப்புங்கள்.

எங்கள் ஊரில் மார்ச்சுக்குப் பிறகு ஆள் இருக்கும் அறையில் ஃபேன் ஓடாமல் இருக்காது. எனவே ஆள் இருக்கும் மணிகளை எண்ணினால் ஃபேன் ஓடும் மணிகள் கிடைத்துவிடும். பி27 செல்லில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=கவுன்ட்இஃப்(பி2:பி25,">0")

(ஃபங்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் இங்கே தமிழில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.) சி27க்கும் இதேபோல். எங்களுக்கு ஹால் 17, படுக்கையறை 10 என்று வந்தது.

இப்போது 28ஆவது வரிக்கு 'மறதி' என்று பெயர் கொடுங்கள். ஆள் இல்லாத அறையில் ஃபேன் எவ்வளவு நேரம் வெட்டியாக ஓடுகிறது என்பதற்கான வரி அது. அப்பா பேப்பர் படித்துவிட்டு வாசலுக்குப் போனால் ஹால் ஃபேனை நிறுத்த மாட்டார். அம்மாவைக் கேட்டேன், "ரெண்டு மணி நேரம் போடு" என்றார். அப்பா ஒரு மணி நேரம் என்றார். அம்மா சொன்னதையே போட்டேன். பி29இல் =பி27+பி28 கொடுத்தால் ஹால் ஃபேன் 19 மணி நேரம். படுக்கையறையில் மறதி பூஜ்யம்.

இரண்டாவது ஷீட்: பொருட்கள்

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து இன்னொரு ஷீட் சேர்த்து 'பொருட்கள்' என்று பெயரிடுங்கள். ஏ நிரலில் பொருள், பியில் வாட், சியில் எண்ணிக்கை, டியில் தினசரி மணி, ஈயில் இரண்டு மாத யூனிட். ஈ2இல்,

=பி2*சி2*டி2*60/1000

என்று கொடுத்துக் கீழே இழுத்துவிடுங்கள். ஃபேனுக்கான மணியை டைப் செய்யாதீர்கள். ஹால் ஃபேன் வரியில், டி நிரலில் உள்ள செல்லில் சமக்குறி போட்டுவிட்டு, 'ஆட்கள்' ஷீட்டைக் கிளிக் செய்து, அங்கே பி29ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இனி ஆட்களை மாற்றினால் யூனிட்டும் மாறும். இந்த இணைப்பு இல்லாவிட்டால் இது மாடல் இல்லை, வெறும் பட்டியல்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். எல்இடி பல்பு 9 வாட். எங்கள் டிவி 100. போர் மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன், அதை 1500 வாட் என்று எடுத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜுக்கு வாட் கணக்கு சரிப்படாது. கம்ப்ரசர் ஓடும், நிற்கும். நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அதை 365ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பழசு, லேபிள் உரிந்துபோயிருந்தது. தினம் 1.2 யூனிட் என்று உத்தேசமாகப் போட்டேன்.

ஏசிக்கும் அதே பிரச்சனைதான். இன்வெர்ட்டர் ஏசி முதலில் முழு மூச்சில் ஓடும், அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயில், கூரை, ஜன்னல் இடுக்கு, உள்ளே படுத்திருப்பவர்கள், செட் செய்த டிகிரி எல்லாமே அதன் செலவை மாற்றும். எனர்ஜிபிளஸ் இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லும். நாம் மீட்டரையே கேட்டுவிடலாம்.

மீட்டர் கண் சிமிட்டுவதை எண்ணுங்கள்

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று கிடைக்கும். சாதனத்தைப் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை எண்ணிக் கழித்தால் அந்தச் சாதனத்தின் கணக்கு மட்டும் வரும். மோட்டாரைப் போட்டதும் நிமிடத்துக்கு 80 கூடியது. அதாவது ஒன்றரைக் கிலோவாட், நான் எடுத்த அளவு சரி.

சனிக்கிழமை இரவு அப்பாவிடம் கெஞ்சி ஏசியைப் போடச் சொன்னேன். வைத்தது 24 டிகிரி. முதல் ஒரு மணி நேரம் 75 சிமிட்டல், அதாவது 1.4 கிலோவாட். பிறகு 23, 24 என்று இறங்கிவிட்டது, அதாவது 0.44 கிலோவாட். மொட்டை மாடிப் படிக்குக் கீழே, கொசுக்கடியில், நடுராத்திரி இரண்டு மணிக்கு நின்று மீட்டரை எண்ணிக்கொண்டிருந்தவனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. ஏசி ஓடுவது ஆறு மணி நேரம். 1.4 யூனிட்டும், ஐந்து மணிக்கு 2.2 யூனிட்டும் சேர்த்து 3.6 யூனிட். சராசரியாக 600 வாட். அதைப் பி நிரலில் போட்டேன்.

ஈ நிரலைக் கூட்ட =சம்( என்று டைப் செய்து, மவுசால் நிரலைத் தேர்ந்தெடுத்து அடைப்பை மூடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது: ஏசி 216, ஃபேன்கள் 130.5, ஃபிரிட்ஜ் 72, மோட்டார் 45, டிவி 36, இணையத்துக்கான ரவுட்டர் 14.4, விளக்குகள் 13.5, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 27. மொத்தம் 554.

பில் வந்ததோ 706. நூற்றைம்பது யூனிட்டைக் காணவில்லை!

இந்த இடத்தில் பலர் என்ன செய்வார்கள் என்றால், ஏசியின் வாட்டைக் கொஞ்சம் ஏற்றி, ஃபேன் மணியைக் கொஞ்சம் ஏற்றி, 706 வரும்வரை தட்டிக்கொட்டிச் சரி செய்துவிடுவார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும் செய்தோம்.

காணாமல் போன யூனிட் எந்த நேரத்தில் போகிறது?

மாடல் மணிவாரியாக இருப்பதால் நாளைத் துண்டு போட முடிந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை 5.1 யூனிட், காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை 2.0, மாலை ஆறு வரை 1.1, இரவு பத்து வரை 1.0 என்றது மாடல். அதே நேரங்களில் மீட்டர் ரீடிங்கை ஒரு காகிதத்தில் குறித்தோம். அம்மாதான் குறித்தார், தசமப் புள்ளியோடு. மீட்டர் சொன்னது: 5.4, 3.1, 1.3, 2.0.

இரவுக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஏசி ஓடும் நேரத்தில் வித்தியாசம் இல்லை! காலையில் ஒரு யூனிட், சாயங்காலம் ஒரு யூனிட் கூடுதலாகப் போகிறது. அந்த நேரங்களில் ஏசி அணைந்துதான் கிடக்கிறது.

காலையிலும் சாயங்காலமும் ஓடும் பெரிய சாதனம் மோட்டார் ஒன்றுதான். "எவ்வளவு நேரம் போடுறீங்க?" என்று முந்தைய நாளே அப்பாவிடம் கேட்டிருந்தேன். "அரை மணி நேரம்" என்றார். பொய்யில்லை. அவர் காலையில் அரை மணி நேரம் போடுகிறார். பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வராமல் அம்மா ஒரு அரை மணி நேரம் போடுகிறார். சாயங்காலம் யாராவது ஒருவர் இன்னொரு தடவை. ஒவ்வொருவருக்கும் தான் போட்ட அரை மணி நேரம்தான் தெரியும். எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். கூடுதல் எழுபது நிமிடத்துக்குத் தினம் 1.75 யூனிட், இரண்டு மாதத்துக்கு 105 யூனிட்.

மூன்று பேர் உள்ள வீட்டில் ஓவர்ஹெட் டேங்க் ஒரே நாளில் மூன்று தடவை ஏன் காலியாகிறது? மேலே ஏறிப் பார்த்தேன், டேங்கில் ஒழுகல் இல்லை. அம்மாதான் ஒரு யோசனை சொன்னார். பாட்டியின் பாத்ரூம் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, யாரையும் உள்ளே போக வேண்டாம் என்றார். பத்து நிமிடத்தில் கீழே பேசினில் மஞ்சள் இறங்கிவிட்டது. உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்த ஒரு பிளம்பர் மாற்றிக் கொடுத்தார்.

மீதி 47 யூனிட்? நாலு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததைக் கவனித்தீர்களா? இருபத்து நாலு மணி நேரமும் ஓடுவது எது? ஃபிரிட்ஜ். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை நண்பனிடம் கடன் வாங்கி ஒரு நாள் வைத்துப் பார்த்ததில் 1.9 யூனிட். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் போய்விட்டிருந்தது. அதற்கு 42 யூனிட். மீதி நாலைந்து யூனிட்டை நான் தேடவில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. வாஷரும் ரப்பரும் ஏசி வாங்கிய அன்று தேயவில்லை. ஜனவரி, பிப்ரவரியின் 410 யூனிட்டிலேயே இந்த வீண்செலவின் பெரும்பகுதி ஒளிந்திருக்க வேண்டும். அப்போது ஃபேன் குறைவு, பில்லும் குறைவு, யாரும் கேட்கவில்லை. கடைசியாக வீட்டுக்குள் வந்தது ஏசி, எனவே பழி அதன் தலையில்.

பில் கணக்கு

யூனிட்டை ரூபாயாக மாற்ற மூன்றாவது ஷீட். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிக்கட்டு போல ஏறும் என்பது தெரிந்ததுதான். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் இருந்தால் 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 கிடையாது. 101இலிருந்தே 4.50. பிறகு 500க்கு மேல் 8, 600க்கு மேல் 9, 800க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11.

பி1இல் யூனிட் இருக்கட்டும். பி2இல் 500க்குள் உள்ள கணக்கு:

=2.25*மேக்ஸ்(0,பி1-100)+2.25*மேக்ஸ்(0,பி1-200)+1.5*மேக்ஸ்(0,பி1-400)

பி3இல் 500க்கு மேல்:

=4.5*மேக்ஸ்(0,பி1-100)+1.5*மேக்ஸ்(0,பி1-400)+2*மேக்ஸ்(0,பி1-500)+மேக்ஸ்(0,பி1-600)+மேக்ஸ்(0,பி1-800)+மேக்ஸ்(0,பி1-1000)

பி4இல் =இஃப்(பி1>500,பி3,பி2). ஒவ்வொரு படியிலும் கட்டணம் எவ்வளவு கூடுகிறதோ அதை மட்டும் பெருக்குகிறோம். மேக்ஸ் ஃபங்ஷன், அந்தப் படியை எட்டாவிட்டால் பூஜ்யம் ஆக்கிவிடும். 2022க்குப் பிறகு 2024இலும் கட்டணம் உயர்ந்திருக்கிறது. எனவே இந்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல், உங்களுக்கு இப்போது நடைமுறையில் உள்ள அட்டவணையைப் பார்த்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குப் படிகளே வேறாக இருக்கும்.

பி1இல் 500 போட்டுப் பாருங்கள், 1725 வரும். 501 போடுங்கள், 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இதை அப்பாவிடம் காட்டியபோதுதான் அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஏசியை நிறுத்தினா என்ன வரும்?" என்றார். டி நிரலில் ஏசி மணியைப் பூஜ்யம் ஆக்கினேன். பழைய மோட்டார், பழைய ஃபிரிட்ஜ் கணக்கோடு 490 யூனிட், 1665 ரூபாய். "பாத்தியா, நான் சொன்னது சரிதானே" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், அதை மறுக்க முடியாது. "இப்ப ஏசியை வச்சுக்கிட்டு மத்ததைப் பாருங்க" என்று ஏசியை ஆறு மணிக்கே திருப்பி வைத்து, மோட்டார் அரை மணி, ஃபிரிட்ஜ் 1.2 என்று கொடுத்தேன். 554. இன்னும் 500க்கு மேல்தான்.

ஆனால் பட்டியலில் ஏசிக்கு அடுத்து நின்றது ஃபேன். ஹால் ஃபேன் மட்டும் தினம் 19 மணி நேரம்! பிஎல்டிசி மோட்டார் உள்ள ஃபேன் சுமார் 30 வாட்தான் எடுக்கும். 75ஐ 30 ஆக்கினேன். 130.5 என்பது 52 ஆகி, மொத்தம் 476 யூனிட்டில் வந்து நின்றது. பில் 1581 ரூபாய். ஏசியை நிறுத்துவதைவிட 84 ரூபாய் குறைவு, பாட்டியும் தூங்கலாம். அப்பா எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு ஃபேன் வாங்கினார். பணத்தையும் அவரே கொடுத்தார்.

500 தாண்டாமல் ஏசியை எவ்வளவு நேரம் போடலாம் என்பதையும் எக்ஸெல்லே சொல்லும். டேட்டா மெனுவில் வாட் இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. மொத்த யூனிட் உள்ள செல், வேண்டிய அளவு 500, மாற்ற வேண்டிய செல் ஏசி மணி என்று கொடுத்து ஓகே தட்டினால் 6.67 வரும், அதாவது ஆறு மணி நாற்பது நிமிடம். டிகிரியையும் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அவர்கள் கொண்டுவந்ததுதான். உங்கள் வீட்டில் அது எவ்வளவு என்று சிமிட்டலை எண்ணியே பார்த்துவிடுங்கள்.

மே, ஜூன் பில்லுக்காக எங்களைவிட அப்பா ஆவலாகக் காத்திருந்தார். வந்தது 512 யூனிட். 2046 ரூபாய்.

அவருடைய முகம் வாடியதை வீடியோ காலில் பார்த்தேன். மாடல் எங்கே தப்பியது? அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மே கடைசியில் வந்தவர்கள், அந்த வருடம் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பு தள்ளிப்போனதால் ஜூன் பாதி வரை தங்கிவிட்டார்கள். மூன்று வாரம். மதியத்தில் ஏசி, நாள் முழுக்க டிவி, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி. 'ஆட்கள்' ஷீட்டில் அவர்களுக்கு நான் இடமே கொடுக்கவில்லை. பன்னிரண்டு யூனிட் தாண்டியதற்கு 321 ரூபாய் கூடுதல்.

"பேரப் பிள்ளைங்க வந்ததுக்குக் கணக்குப் பாக்க முடியுமா?" என்றார் அம்மா. அப்பா கணக்குப் பார்த்தார். இப்போது அந்த ஃபைலில் 'விருந்தாளி' என்று நாலாவது ஷீட் இருக்கிறது, அவர் சேர்த்தது. யார், எத்தனை நாள், எந்த அறை என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு ரீடிங் எடுத்து ஒரு செல்லில் போடுகிறார். அடுத்த ஆகஸ்டில் நான் ஊருக்குப் போவதாகச் சொன்னபோது, "எத்தனை நாள் இருப்பே, கரெக்டா சொல்லு" என்று கேட்டார். நாலு நாள் என்றேன். கீபோர்டு சத்தம் கேட்டது. "சரி, வா. ஆனா ராத்திரி லேப்டாப்பைப் போட்டுக்கிட்டு ஹால்ல உக்காரக் கூடாது."